இரண்டாவது மோட்டார் சைக்கிளும் ஒரு வள்ளமும்

என்னுடைய உயரம் ஐந்து அடி இரண்டு அங்குலம். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. கல்யாணம் பேசிய காலத்தில் என் வீட்டார் ஐந்து அடி நான்கு என்று சொல்லியிருந்தார்கள். பெண் வீட்டார் அளந்து பார்க்கவில்லை. சறோ மட்டும், மாலை போடும்போது, ஒரு கணம் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துவிட்டுப் பிறகு பார்வையைக் கீழே இறக்கினாள். அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. (இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.)

என்னைப் போன்றவர்களுக்கு உயரமான சாமான்களில் ஒரு மயக்கம் உண்டு. சிலர் உயர்ந்த சாதி நாய் வளர்ப்பார்கள், சிலர் மாடி வீடு கட்டுவார்கள். எனக்கு அது மோட்டார் சைக்கிளில் வந்து முடிந்தது.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு இருபத்தெட்டு வயது. சண்டிலிப்பாயில் விவசாயப் போதனாசிரியர் வேலை. புகையிலைக்கு எப்போது தண்ணீர் இறைப்பது, மிளகாய்க்கு என்ன மருந்து அடிப்பது என்று, அதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்த கமக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தங்கள் பாட்டில் செய்வார்கள். வீடு இணுவிலில். என்னிடம் ஐம்பது சீசீயில் சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. சறோ பள்ளிக்கூட ஆசிரியை, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். ஆகவே வீட்டுக்கு இரண்டாவது மோட்டார் சைக்கிள் ஒன்று வேண்டும், சின்னது அவளுக்கு, வரப்போவது எனக்கு என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். இதுவரைக்கும் எல்லாம் நியாயமாகத்தான் போனது.

தை மாதத்தில் ஒருநாள், பருவம் தப்பிப் பெய்த மழைக்கு அடுத்த காலை, நான் ஒரு தோட்டத்து ஒழுங்கையில் என் ஐம்பதைத் தள்ளிக்கொண்டு போனேன். செம்பாட்டு மண் சில்லில் அப்பி, மட்காட்டுக்குள் இறுகி, சில்லு சுற்ற மறுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நீர்ப்பாசனப் பகுதி உத்தியோகத்தர் ஒருவர் ட்றெயில் பைக் ஒன்றில் வந்தார். தார் ரோட்டிலும் ஓடும், சேறு மணல் வரம்பு எல்லாவற்றிலும் ஓடும் என்று ஜப்பான்காரன் செய்து விட்ட சாமான் அது. முன் மட்காட் சில்லிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கொக்கின் அலகு மாதிரி நீண்டிருந்தது. ரயரில் கட்டை கட்டையாகப் பற்கள். சைலன்சர்கூடக் கீழே இல்லை, இடுப்புக்கு ஏறியிருந்தது. மனிதர் இருந்து ஓடவில்லை, மிதிபலகையில் எழுந்து நின்றபடி ஓடினார். விழுந்து கிடந்த ஒரு பனங்குற்றியில் அதை ஏற்றி மற்றப் பக்கம் இறக்கி, எனக்கு ஒரு கையையும் காட்டிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

என் கந்தோரில் கிளாக்கராக இருந்த குலசிங்கம் மோட்டார் சைக்கிள்களைப்பற்றி எல்லாம் அறிந்தவன். அவனிடம் இருந்தது ஒரு துவிச்சக்கர வண்டி மட்டும்தான். ஆனால் உலகத்தில் உள்ள அத்தனை கம்பனி விளம்பரப் புத்தகங்களும் அவனுடைய மேசை லாச்சிக்குள் கிடந்தன. நான் ஆசையைச் சொன்னதும் அவன் ஒரு முழு ஃபூல்ஸ்காப் தாளில் மூன்று கோடு கீறினான். முதலாவது, சண்டிலிப்பாய்ப் புகையிலை வியாபாரி ஒருவர் விற்கவிருந்த கனத்த ரோட்டு மோட்டார் சைக்கிள். இரண்டாவது, இன்னுமொரு ஐம்பது. மூன்றாவது, ட்றெயில். முதல் இரண்டுக்கும் குறைகளை எழுதி முடித்தபோது தாள் நிரம்பிவிட்டது. ட்றெயிலின் குறைகளுக்கு இடமில்லாமல் போனது. இருவரும் அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் சொன்னபோது சறோ கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்குங்கோ. ஆனால் ஏறியிருந்து, கால் நிலத்திலை முட்டுதோ எண்டு மட்டும் பாத்திட்டு வாங்குங்கோ."

"உதென்ன கேள்வி? ஓடேக்கை காலை ஏன் நிலத்திலை முட்டவேணும்?" என்றேன்.

அவள் அடுத்த கொப்பியைத் திறந்தாள். ஒரு பிள்ளையின் கணக்குக்கு மேலே சிவப்பால் பெரிய சுழியம் ஒன்று போட்டாள்.

பங்குனி மாதம், மயிலிட்டியில் ஒரு ட்றெயில் விலைக்கு நிற்கிறது என்று குலசிங்கம் செய்தி கொண்டுவந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் ஐம்பதில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல லோங்ஸ், வெள்ளைச் சேட்டு, சப்பாத்து. மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவன் உத்தியோகத்தன் மாதிரித் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

விற்பவர் பெயர் யேசுதாசன். வள்ளங்களுக்குப் பூட்டுகிற இஞ்சின்கள் திருத்துபவர். கடற்கரையை ஒட்டிய வளவில் ஒரு கொட்டில், அதற்குள் குறுக்கே ஒரு மரம், அந்த மரத்தில் ஏழெட்டு இஞ்சின்கள் தலைகீழாகத் தொங்கின. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு முழங்காலில் துணி சுற்றியிருந்தார். கழன்று விழுந்த இஞ்சின் ஒன்று அதில் பட்டுவிட்டதாம். இனிமேல் கிக் அடிக்க ஏலாது என்றபடியால்தான் விற்கிறார். அவருடைய மனைவி பிலோமினா வாசலில் இருந்து சீலா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். கீழே பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"தம்பியவை பாக்க வந்தனீங்களோ, வாங்க வந்தனீங்களோ?"

"வாங்கத்தான் அக்கா."

"முதல் வந்த ரெண்டு பேரையும் இவர் திருப்பி அனுப்பிப்போட்டார். ஒருத்தன் கியரைக் கொல்லுறானாம். மற்றவனுக்குக் கை இரும்பாம். பொம்பிளை குடுக்கிற மாதிரியெல்லோ நிக்கிறார்."

யேசுதாசன் அதைக் காதில் வாங்காமல் கொட்டிலின் பின்பக்கம் மூடியிருந்த படங்கை இழுத்தார்.

எத்தனையோ வருடம் போய்விட்டது. இப்போதும் அந்தக் காட்சி எனக்கு அப்படியே இருக்கிறது. சிவப்புப் பெற்றோல் தாங்கி. வெள்ளை மட்காட். கடற்கரை உப்புக் காற்றில் ஐந்து வருடம் ஓடிய சாமானில் ஒரு பொட்டுக் கறள் இல்லை. அவர் ஒவ்வொரு பின்னேரமும் அதை நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்து மூடுவாராம். அதைப் பார்த்தபோது, இதை வாங்க என்ன தகுதி எனக்கு இருக்கிறது என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. அதை அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"ஓடிக் காட்டும்," என்றார் யேசுதாசன். "அந்தக் கடைசி வள்ளம் வரைக்கும் போய்த் திரும்பி வாரும். மணலிலை ஓடுறதைப் பாத்தால்தான் எனக்கு ஆளைத் தெரியும்."

கடற்கரைக்கு உருட்டிக்கொண்டு போனோம். மீன் இறக்கி முடிந்த நேரம். வலை காயப்போட்டவர்கள், கருவாட்டுக்கு மீன் பரப்பியவர்கள் என்று முப்பது பேராவது நின்றார்கள். நான் ட்றெயிலுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது சீற் என் நெஞ்சுக்கு நேரே வந்தது.

(நெஞ்சு என்பது கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு அப்படித்தான் தெரிந்தது.)

ஏறுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். மணலில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழைய வள்ளத்தில் ஏறி நின்று, அங்கிருந்து காலைத் தூக்கிப் போட்டேன். குலசிங்கம் ஒரு பக்கத்தில் தாங்கிப் பிடித்தான். கிக்கரை மிதிக்க என் கால் எட்டவில்லை. அதையும் குலசிங்கமே கீழே நின்று கையால் அமத்தினான். இஞ்சின் பிடித்தது. கிளச்சை விட்டேன்.

நான் பொய் சொல்லப்போவதில்லை. அருமையாக ஓடினேன். ஈர மணலில் சில்லு பதிய, அது ஒரு குதிரை மாதிரி என்னைத் தூக்கிக்கொண்டு போனது. ஐம்பதில் ஒரு சின்னக் கல்லுக்கும் முதுகு நோகும். இதில் மணல் திட்டியில் ஏறி இறங்கினால் தாலாட்டுகிற மாதிரி இருந்தது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வலைகள், நடுவில் நான். கடைசி வள்ளத்தைச் சுற்றித் திரும்பினேன். எழும்பி நின்றுகூட ஓடினேன். யேசுதாசனின் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. அவர் கையைக் காட்டி, போதும், வாரும் என்றார்.

அப்போதுதான் எனக்குப் பிரச்சினை விளங்கியது.

ஏறுவதற்கு வள்ளம் இருந்தது. இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளை ஒரு பக்கம் சரித்து ஒரு காலை ஊன்றினால் போதும் என்பது எந்தக் கட்டையனுக்கும் தெரிந்த வித்தை. எனக்குத் தெரியாது. குலசிங்கத்தின் விளம்பரப் புத்தகங்களில் அது இல்லை. ஏறிய வள்ளத்தடியில் இறங்கலாம் என்று போனால், அதன்மேல் இப்போது நாலைந்து பேர் ஏறியிருந்து என் ஓட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தார்கள். எழும்புங்கோ என்று கேட்க வெட்கமாக இருந்தது. நான் அவர்களைத் தாண்டிப் போனேன். அவர்கள் கை தட்டினார்கள்.

இரண்டாவது சுற்று. இந்தமுறை மெதுவாக்கி வலது காலைக் கீழே விட்டுப் பார்த்தேன். சப்பாத்து நுனி மணலைத் தொட்டது, மணல் உள்ளே இறங்கியது, காலும் அதனோடு போனது. விழப் பார்த்து, பயத்தில் முறுக்கியதில் முன் சில்லு ஒரு முறை மேலே எழும்பி இறங்கியது. கடற்கரை முழுக்க ஒரே ஆரவாரம்.

"பெடியன் விளையாட்டுக் காட்டுறான்," என்று யாரோ சொன்னது கேட்டது.

மூன்றாவது சுற்று. மணலில் மெதுவாக விழுந்துவிடு, ஒன்றும் ஆகாது என்று புத்தி சொன்னது. முப்பது பேர் பார்க்கிறார்கள், நீ உத்தியோகத்தன், வெள்ளைச் சேட்டு என்று இன்னொன்று சொன்னது. இரண்டாவதைத்தான் கேட்டேன். கரையோரமாக ஒரு பிளாஸ்ரிக் வள்ளம் நின்றது. அதன் மூக்கு மணலில் இருந்தது. அதன் விளிம்பு என் காலுக்கு அளவெடுத்துச் செய்த உயரம். பக்கமாக அணைந்து, கிளச்சைப் பிடித்து, பிறேக்கை அமத்தி, இடது காலை அழகாக அந்த விளிம்பில் வைத்தேன்.

மூக்கு மட்டும்தான் மணலில் இருந்தது. மிச்ச வள்ளம் முழுவதும் மிதந்தது.

நான் காலை ஊன்றியதும் அது விலகத் தொடங்கியது. மெதுவாகத்தான் விலகியது, அதுதான் கொடுமை. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. இடது கால் வள்ளத்தோடு கடலுக்குப் போனது. வலது கால் ட்றெயிலோடு கரையில் நின்றது. இரண்டையும் விட மனமில்லாமல், ஒரு மனிதனால் எவ்வளவு அகல முடியுமோ அவ்வளவு அகன்றேன். அதற்குப் பிறகு நானும் யேசுதாசனின் ஐந்து வருடக் காவலும் ஒன்றாகக் கடலுக்குள் விழுந்தோம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாய் கடலைக் குடித்துவிட்டு அடங்கியது.

நான் எழும்பியபோது தண்ணீர் இடுப்பளவு. (மற்றவர்களுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.) ஒரு சப்பாத்தைக் காணவில்லை. நாலு பேர் மோட்டார் சைக்கிளைத் தூக்க ஓடி வந்தார்கள்.

"எடுக்காதேங்கோ," என்று யேசுதாசன் நொண்டி நொண்டி வந்தபடி சொன்னார். "வெளியிலை எடுக்காதேங்கோ. கடலுக்குள்ளையே கிடக்கட்டும்."

துக்கத்தில் மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் வந்து, தண்ணீருக்குள் கையை விட்டுப் பெற்றோல் குழாயைத் திருகி மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி, உமக்கு அடிகிடி பட்டுதோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப இதிலை நில்லும். ஒருத்தரும் தொடாமல் பாத்துக்கொள்ளும். உப்புத் தண்ணிக்குள்ளை கிடந்தால் ஒண்டும் செய்யாது. வெளியிலை எடுத்துக் காத்துப் பட்டால்தான் கறள் பிடிக்கும். நான் சாமானெல்லாம் ஆயத்தப்படுத்திப்போட்டுச் சொல்லுறன், அதுக்குப் பிறகு தூக்கலாம்."

ஆகவே நான் கடலுக்குள் நின்று ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் காவல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் நின்று, தண்ணீருக்குள் எட்டிப் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும், "உதிலை மீன் பிடிபடுமோ தம்பி?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

குலசிங்கம் லோங்ஸை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"மச்சான், இது இன்னும் எங்கடை சாமான் இல்லை," என்றான் மெல்ல. "பேச்சு முடியேல்லை. ஐம்பது அந்தா நிக்குது. வா, மெல்லமா நழுவுவம்."

அந்த நேரத்தில் அது எனக்கு மோசமான யோசனையாகத் தெரியவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐம்பதின் திறப்பு லோங்ஸ் பையில் இருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்த்தேன். இருந்தது. அப்போது பிலோமினா அக்கா கரையில் வந்து நின்றார். கையில் ஒரு சாரமும் துவாயும்.

"தம்பி, இவருடைய சாரம். தோய்ச்சு மடிச்சது. வெளியிலை வந்து மாத்திப்போட்டுக் கிணத்தடிக்கு வாங்கோ. இனித்தான் வேலை இருக்கு."

வாங்கினேன். ஒரு மனிதருடைய தோய்த்து மடித்த சாரத்தைக் கையில் வாங்கிய பிறகு ஓடித் தப்ப முடியாது.

யேசுதாசன் சைகை காட்டினார். ஆறு பேர் ட்றெயிலைத் தூக்கி, ஓட்டமும் நடையுமாகக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்த் தலைகீழாக நிறுத்தினார்கள். உதவி செய்யும் ஆசையில் நான் கிக்கரில் கையை வைத்தேன்.

"அதைத் தொடாதையும்," என்றார் அவர். அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "உள்ளுக்குத் தண்ணி நிக்கேக்கை அமத்தினால் பிஸ்ரன் தடி வளைஞ்சு போம்."

பிறகு நடந்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கடலில் மூழ்கிய இஞ்சின்களை எழுப்புவதுதான் அவருடைய தொழிலே என்பது அதுவரை என் மூளையில் ஏறவில்லை. பிளக்கைக் கழற்றினார். உள்ளிருந்து கடல் வழிந்தது. காபரேற்றரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். நான் கிணற்றில் அள்ளி அள்ளிக் கொடுக்க, பிலோமினா அக்கா வாளி வாளியாக ஊற்றினார். ஊற்ற வேண்டிய இடத்தைக் கணவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கையை நீட்டுவார், நட்டுக் கழற்றும் சாவிகளில் எது வேண்டுமென்று கேட்காமல் அக்கா அதை வைப்பார். மண்ணெண்ணெயால் கழுவினார்கள். பிறகு எண்ணெய் விட்டு, சில்லைக் கையால் சுற்றி, திரும்பவும் வடித்து, திரும்பவும் விட்டார்கள். நடுவில் ஒருமுறை யேசுதாசன் இஞ்சினில் காதை வைத்துக் கேட்டார்.

"உப்பு இன்னும் நிக்குது," என்றார்.

"நீங்கள் சொன்னால் சரி," என்று அக்கா இன்னொரு வாளிக்குக் கையை நீட்டினார்.

என் உள்ளங்கைகளில் கயிறு உரசித் தோல் கழன்றிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இரண்டு பேரும் ஒரு தடவையேனும் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சோறு வந்தது. நான் சைவம் என்று சொன்னதும் அக்கா வெட்டிய சீலாவை ஒருமுறை பார்த்துவிட்டு, முருங்கைக்காய்க் கறியும் தயிரும் எங்கிருந்தோ வாங்கிவந்தார். குலசிங்கம் சைவமில்லை. என் பங்கு மீனையும் அவனே சாப்பிட்டான்.

பின்னேரம் நாலு மணியளவில் எல்லாத் துண்டும் உள்ளே போயின. யேசுதாசன் எனக்குத் தலையை ஆட்டினார். நான் நிலத்தில் நின்றபடி கிக்கரை மிதித்தேன். ஒன்று, இரண்டு, ஏழு. பதினொராவது மிதிக்கு வெள்ளைப் புகை ஒரு குடம் கக்கி, இருமி, பிடித்துக்கொண்டது. கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். யேசுதாசன் சிரிக்கவில்லை. சைலன்சரில் உள்ளங்கையை வைத்து, சூடு ஏறுகிறதா என்று பார்த்தார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

"அண்ணை, நான் இதை எடுக்கிறன்," என்றேன். "நான்தான் விழுத்தினது. நான்தான் எடுக்கவேணும்."

"உமக்குத் தரேலாது," என்றார்.

நான் எதிர்பார்க்கவில்லை.

"உம்மிலை கோவமில்லைத் தம்பி. நல்லா ஓடினனீர். கை நல்ல கை. ஆனால் நிப்பாட்ட ஏலாத ஆளிட்டைக் குடுத்துப்போட்டு நான் நித்திரை கொள்ளுறேல்லை. ரோட்டிலை உமக்கு ஆர் வள்ளம் கொண்டுவந்து வைக்கிறது?"

பிலோமினா அக்கா என்னை மறுபடியும் மேலும் கீழும் பார்த்தார். இந்தமுறை அளவெடுக்கிற பார்வை.

"உவருக்கு நிப்பாட்டத் தெரியும்," என்றார். "கால்தான் காணாது. சீற்றை வெட்டி விடுங்கோவன்."

யேசுதாசன் அவரைப் பார்த்த பார்வை, பெற்ற பிள்ளையின் காலை வெட்டச் சொன்னவரைப் பார்ப்பது போல இருந்தது.  பிறகு அவர் உள்ளே போய், மீன் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். சீற்றைக் கழற்றினார். உறையைப் பிரித்தார். பஞ்சை ஒரு விரல் அளவு சீவினார். என்னை ஏற்றி இருத்திப் பார்த்தார். இறக்கினார். இன்னொரு விரல் சீவினார். ஆறு தடவை ஏறி இறங்கினேன். ஒரு நல்ல தையற்காரரிடம் கல்யாணக் கோட்டு அளவு கொடுத்தது போல இருந்தது. ஆறாவது தடவை என் இரண்டு பெருவிரல்களும் மண்ணைத் தொட்டன.

"இப்ப சரிச்சு ஒரு காலை ஊண்டும்."

ஊன்றினேன். நின்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் திறப்பைத் தந்தார்.

ஐம்பதைக் குலசிங்கம் ஓட, நான் யேசுதாசனின் சாரத்தோடும் ஒற்றைச் சப்பாத்தோடும் ட்றெயிலில் இணுவிலுக்கு வந்தேன். பிலோமினா அக்கா பனையோலைப் பெட்டி ஒன்றைக் கைபிடியில் கட்டிவிட்டிருந்தார். முருங்கைக்காய் என்றார். வீட்டு வாசலில் நிறுத்தி, ஒழுங்காக ஒரு காலை ஊன்றினேன். சறோ வெளியே வந்து பார்த்தாள்.

"லோங்ஸ் எங்கை?"

"மயிலிட்டியிலை காயுது."

அவள் கிட்ட வந்து மூக்கைச் சுருக்கினாள். அந்தச் சீற்றுக்கு அன்று ஏறிய சீலா வாசம் பிறகு போகவே இல்லை. வெயில் நாளில் தெரியாது. மழை பெய்தால் சைவ வீட்டு முற்றத்தில் மீன் சந்தை.

அடுத்த ஞாயிறு சாரத்தைத் தோய்த்து மடித்துத் திருப்பிக் கொடுக்க நானும் சறோவும் போனோம். அப்படித் தொடங்கிய போக்குவரத்து நிற்கவில்லை. யேசுதாசன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் ட்றெயிலைச் சுகம் விசாரிப்பார், பிறகுதான் எங்களை. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மயிலிட்டி ஊரோடு எழும்பி வெளிக்கிட்டபோது, அவர்கள் இருவரும் ஒரு சூட்கேசோடும் சாவிப் பெட்டியோடும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். முன்னறையைக் கொடுத்தோம். ஐந்து வருடம் இருந்தார்கள். பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில், ட்றெயிலையும் ஐம்பதையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர் அவர்தான். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடுவார். அவர் கை பட்டால் அது இருமாமல் ஓடும். இஞ்சினில் காதை வைத்துக் கேட்கிற அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம், நான் படித்துப் பெற்ற பட்டத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாமல் போகும்.

பின்வளவில் தனி அடுப்பு மூட்டிப் பிலோமினா அக்கா மீன் சமைப்பார். என் இரண்டு பிள்ளைகளும் அந்த அடுப்பைச் சுற்றியே வளர்ந்தார்கள். அங்கேதான் அவர்களுக்கு இந்தக் கதை முழுவதும் சொல்லப்பட்டது. அக்காவின் கதையில் நான் ஒன்பது சுற்று ஓடினேன். வள்ளமும் என்னை இழுத்துக்கொண்டு பாதிக் கடல் போனது. திருத்தப் பார்த்தேன். "நீங்கள் கடலுக்குள்ளை நிண்டனீங்கள், உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றைந்தில் யுத்தம் எங்கள் பக்கமும் வந்து எல்லாரும் வெளிக்கிட்டபோது ட்றெயில் சாவகச்சேரி வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு அது யார் கைக்குப் போனதென்று தெரியாது. யேசுதாசன் அண்ணை அதைப்பற்றி இரண்டு நாள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை. அக்கா இருக்கிறார்.

என் மகளின் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொடங்கினேன். என் உத்தியோகம், செம்பாட்டு மண், மிளகாய்க்கு வரும் இலைச்சுருட்டல், இவற்றுக்கும் இல்லறத்துக்கும் உள்ள தொடர்பு என்று போய்க்கொண்டிருந்தது. எங்கே முடிப்பது என்று எனக்கே தெரியவில்லை. மண்டபத்தில் ஆட்கள் கதிரையில் நெளிந்தார்கள். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து பிலோமினா அக்கா, ஒலிவாங்கி இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஆராவது தம்பிக்கு ஒரு வள்ளம் கொண்டுவந்து விடுங்கோ. பாவம், இறங்க ஏலாமல் நிக்கிறார்."

எங்கள் பக்கம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை பக்கம் விளங்காமல் பார்த்தது. சறோ எழும்பிப் போய் அவர்களுக்கு முதலிலிருந்து கடைசிவரை கதையைச் சொன்னாள். சாப்பாடு அரை மணித்தியாலம் பிந்தியது.

சம்பந்தி கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். மயிலிட்டியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் இப்போது நான் ரெலிபோன் எடுத்துக் கொஞ்சம் நீட்டிக் கதைத்தால், மறுபக்கத்தில் மெல்லச் செருமிவிட்டு, "சம்பந்தி, வள்ளம் அனுப்பட்டோ?" என்று கேட்கிறார்.

நான் உடனே ரெலிபோனை வைத்துவிடுவேன்.